மார்கழிக்கு முன் ஒரு விசாரணை

ஸ்ரீரங்கத்தில் மார்கழி மாதம் யாரும் வீடு மாற்றுவதில்லை. பால் காய்ச்சுவதில்லை, புதிதாகக் குடி வைப்பதும் இல்லை. ஆனால் அந்த மாதத்தில்தான் ஊரில் இடத்துக்கு அடிபிடி. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் சேவார்த்திகள் லாட்ஜ்களை நிரப்பிவிட்டு, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வீடு வீடாக அறை கேட்பார்கள். நாள் வாடகை. சிலர் வருடா வருடம் ஒரே வீட்டுக்கு வருவார்கள், ஐப்பசியிலேயே போன் செய்துவிடுவார்கள்.

நாங்கள் குடியிருந்த வீடு சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மாடியில் நானும் என் மனைவியும். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோபுரம் தெரியும் ஜன்னல் ஒன்று கிடைத்ததே என்று வந்தோம். கீழ்வீட்டில் ஒரு தம்பதி. கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் ஒத்துழைக்காமல் போனதால் முன்கூட்டியே வேலையை விட்டார், குவார்ட்டர்ஸையும் விட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒரு படி ஏறவும் முடியாது. பேச்சு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராது. மனைவி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளர். ஊர் முழுக்க அலைந்து இந்த வீட்டை எடுத்ததற்கு ஒரே காரணம், சந்துப் பக்கத்து வாசலில் படி இல்லை. உள்ளே கூடத்திலிருந்து குளியலறை வரை ஒரே மட்டத் தரை. இந்தப் பழைய வீதிகளில் அப்படி ஒரு வீடு கிடைப்பது எளிதல்ல.

வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் வாயில் காபி படும். நெற்றியில் திருமண், தோளில் ஒரு துணிப்பை. வாடகை விஷயத்தில் கறார் என்றாலும் தொந்தரவு செய்கிறவர் அல்ல. கவிச்சி சமைக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னார். கீழ்வீட்டு அம்மா அதை ஒப்புக்கொண்டார், கடைப்பிடித்தார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார்: ஒப்பந்தத்தை அரசாங்கத்தின் வாடகைப் பதிவில் பதிய வேண்டும்.

வீட்டுக்காரருக்கு அது விளங்கவில்லை. “இந்தத் தெருவுல யாரும் பதியறதில்லையேம்மா” என்றார்.

“எங்க கடையில பில் இல்லாம வந்தா கைக்குட்டையைக்கூட மாத்திக் குடுக்க மாட்டோம் மாமா. வீட்டை மட்டும் பில் இல்லாம எடுப்பேனா?” என்றார் அந்த அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் அடுத்த ஆவணி வரைக்கும்.

ஐப்பசி முடியும்போது வீட்டுக்காரர் கீழே வந்து நின்று, கார்த்திகைக்குள் காலி செய்துவிடும்படி கேட்டார். ஆந்திராவிலிருந்து ஒரு கோஷ்டி ஏகாதசிக்கு வருகிறது. வயதானவர்கள், மாடி ஏற மாட்டார்கள். கீழ்வீடு இருந்தால் சௌகரியம். ஆவணி வரை ஒப்பந்தம் இருக்கிறதே என்றார் அந்த அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். திரும்பவும் வந்தார். திரும்பவும் அதே பதில். தேடிப் பார்க்காமலும் இல்லை. கடை விடுமுறை நாளில் திருவானைக்காவல், மன்னார்புரம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எல்லா இடத்துலயும் படி சார்” என்றார் என்னிடம்.

கார்த்திகை பாதி தாண்டிய ஒரு காலையில் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

எங்கள் குழாயில் வந்தது. மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள். ஒரே மோட்டார்தான் இரண்டையும் நிரப்பும். கீழ்வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வால்வு உண்டு. நான் போய்ப் பார்த்தபோது வால்வு மூடியிருந்தது. திருகும் கைப்பிடியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். மொட்டைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் முயன்றேன், அசையவில்லை.

தண்ணீர் இல்லாத வீட்டில் பக்கவாதக்காரர் ஒருவர் இருப்பது என்ன என்பதை நான் விரித்து எழுதப் போவதில்லை. அவருக்கு நாளில் பல முறை கழுவிவிட வேண்டியிருந்தது, அது போதும். என் மனைவி மாடியிலிருந்து குடம் குடமாக இறக்கினாள். குளியலறை ஜன்னல் வழியாக ஒரு ஹோஸ் விட்டோம். வீட்டுக்காரர் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்து, “மேலாத்துத் தண்ணி மேலாத்துக்குத்தான் சார். குழாயை எடுத்துடுங்கோ” என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. நாங்கள் ஹோஸை எடுக்கவில்லை. அவரும் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. ஆனால் எங்கள் தொட்டி இரண்டு வீட்டுக்குப் போதவில்லை.

அந்த அம்மா முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அது சிவில் விவகாரம் என்றார்கள். மாநகராட்சி அலுவலகத்தில், தெருக்குழாய் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள் என்று என்னிடம் சொன்னார். புகார் சொல்லும்போதும் எதிராளியின் பங்கைக் குறைக்காமல் சொல்கிறவர் அவர்.

நான் செய்தி எழுதிய காலம் முழுவதும், வீட்டு உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கக் கோரிக்கை என்று எத்தனையோ தலைப்பு வைத்திருக்கிறேன். நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதிகாரி தெரிவித்ததாக முடித்துமிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கப் போனதில்லை. அடுத்த நாள் வேறு செய்தி இருக்கும். ஆகவே புதிய வாடகைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னபோது எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை. சட்டம் சொல்வது எளிமையானது. என்ன தகராறு இருந்தாலும் குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவர் முதலில் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். பிறகு விசாரித்து இழப்பீடும் அபராதமும் விதிக்கலாம்.

“பதிவு நம்பர் கேப்பாங்களா?” என்றார் அந்த அம்மா.

“கேப்பாங்க.”

“இருக்கு” என்று கடைக்குக் கொண்டுபோகும் பையைத் தட்டிக் காட்டினார்.

மனு கொடுத்த வேகத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கார்த்திகையின் கடைசி வாரம். என் மனைவி கீழ்வீட்டில் வெல்டருக்குத் துணையாக இருந்துகொண்டாள். நானும் அந்த அம்மாவும் பஸ் பிடித்தோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் அதைப் பார்த்து, “இவ்வளவும் நம்ம தெருவைத் தாண்டித்தான் போகுது” என்று மட்டும் சொன்னார்.

வாடகை அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அறை சிறியது. மின்விசிறியின் காற்றில் மேஜைமேல் இருந்த காகிதங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்பது நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் அவருடைய தம்பி மகன், வக்கீல். இளைஞர், சுறுசுறுப்பானவர், எங்களைப் பார்த்து வணக்கமும் சொன்னார்.

அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். குரல் உயரவில்லை. என்னையும் அதிகாரி கேட்டார். மேலே தண்ணீர் வருகிறது, கீழே வரவில்லை, வால்வில் கைப்பிடி இல்லை என்றேன்.

வக்கீல் எழுந்தார். “மேடம், மோட்டார் ரிப்பேர். மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கு, சீசன் டைம், வரலை. எங்க தரப்புல உள்நோக்கம் எதுவும் கிடையாது.”

“மோட்டார் ரிப்பேர்னா மேல்வீட்டுக்குத் தண்ணி எப்படிப் போகுது?” என்றார் அதிகாரி.

“அது தனி டேங்க் மேடம்.”

“டேங்க் தனி சரி. மோட்டாரும் தனியா?”

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அதிகாரி அவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். “பெரியவரே, உங்க வீடு. நீங்க சொல்லுங்க. மோட்டாருக்கு என்ன?”

“மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைம்மா. நன்னா ஓடறது” என்றார் வீட்டுக்காரர். “நான்தான் வால்வை மூடினேன்.”

“சித்தப்... பெரியப்பா!” வக்கீலுக்கு உறவுமுறையே குழம்பிவிட்டது. “நான் பேசறேன், நீங்க உக்காருங்கோ.”

“நீ சித்த சும்மா இருடா. இப்பத்தான் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன். நெத்தியில திருமண் காயலை. என்னை வெச்சுண்டே மோட்டார் ரிப்பேர்ங்கறயே!”

“பெரியப்பா, இது ஆபீஸ்.”

“அதனாலதான் சொல்றேன். ஆத்துல சொன்னாலாவது போறதுன்னு விட்டுடலாம்.”

அதிகாரியின் பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் தோளிலிருந்த துணிப்பையை மடியில் இறக்கினார். உள்ளே கைவிட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார், பிரசாதமாக இருக்கும். ஒரு கொத்துத் துளசியை அதன்மேல் வைத்தார். பிறகு அடியிலிருந்து சிவப்புச் சாயம் பூசிய வட்ட இரும்பு ஒன்றை எடுத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். வால்வின் கைப்பிடி.

“இதுதான். ஆத்துல வெச்சா யாராவது எடுத்துடுவான்னு கையோடயே வெச்சுண்டிருக்கேன்.”

நான் முப்பது வருஷம் நீதிமன்ற வராந்தாக்களில் நின்றவன். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மறுத்துப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் இருக்கும் சொந்தக் கையெழுத்தைத் தன்னுடையதில்லை என்று சொன்னவர்கள் உண்டு. மறுப்பது தவறு என்றுகூட அங்கே யாரும் நினைப்பதில்லை, அது முதல் நாள் சடங்கு. இந்த மனிதர் யாரும் கேட்காமலே ஆதாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நோயாளிக்குத் தண்ணீரை நிறுத்தவும், அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன் என்று நிற்கவும் ஒரே ஆளால் முடிந்தது.  அதிகாரி அந்தச் சிவப்பு வட்டத்தை விரலால் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

பிறகு கேட்டார். “எதுக்காக மூடினீங்க?”

“சொல்றேன். மார்கழி பொறந்துடுத்துன்னா யாரும் வீடு மாத்த மாட்டா. யாரும் குடியும் வெச்சுக்க மாட்டா. அப்பறம் தை வரைக்கும் அசைய முடியாது. அதனால கார்த்திகைக்குள்ள கிளம்பட்டும்னுதான். ஏகாதசிக்கு பாகவதாள் வரா, அவாளுக்கு இடம் கொடுக்கறது ஒரு கைங்கர்யம். வாடகையும் வரும், இல்லைன்னு சொல்லலை. ஆனா இவா நல்லதுக்கும் சேர்த்துத்தான்.”

“நல்லதுக்கா மாமா?” என்றார் அந்த அம்மா. அதுவரைக்கும் அவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அவருக்குக் கழுவி விட மேல இருந்து அக்கா குடம் தூக்கிட்டு வர்றாங்க. அந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு. இது யாரு நல்லதுக்கு?”

வீட்டுக்காரர் மடியிலிருந்த துணிப்பையின் வாயை இழுத்து மூடினார்.

அதிகாரி மேஜைமேல் இரு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டார். “பெரியவரே, மார்கழில யாரும் குடி வெச்சுக்க மாட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. இந்த வாரத்தோட கார்த்திகை முடியுது. இந்த வாரத்துக்குள்ள இவங்களுக்கு வீடு கிடைக்கணும். படி இல்லாத வீடா இருக்கணும். கிடைக்கலைன்னா மார்கழி பூரா அந்த மனுஷனை எங்க படுக்க வைப்பாங்க?”

 வீட்டுக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். தான் கட்டி வைத்த நியாயத்தில் ஒரு சுவரே இல்லை என்பதை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி இருந்தார். மார்கழி அவருடைய கதவை மட்டுமல்ல, ஊரிலிருந்த எல்லாக் கதவுகளையும் சாத்துகிறது. இது அவருக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். கீழ்வீட்டுக்காரர்கள் பக்கமிருந்து அதை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“அதை நான் யோசிக்கலை” என்றார்.

வக்கீல் இதுதான் தருணம் என்று எழுந்தார். “மேடம், பெரியவர் ஒத்துண்டுட்டார். இன்னிக்கே தண்ணி விட்டுடறோம். அவங்க மனுவை வாபஸ் வாங்கிண்டா சுமுகமா முடிஞ்சுடும். அபராதம்னு ஒண்ணு எழுதினா, தெருவுல மரியாதையான குடும்பம்...”

அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க? உங்க விருப்பம்.”

அறையிலிருந்த எல்லாரும், நான் உட்பட, அவர் சரி என்று சொல்வார் என்றே நினைத்தோம். அடுத்தடுத்த வீடு. பெரியவர் வேறு ஒப்புக்கொண்டுவிட்டார்.

“அபராதம் போடணும் மேடம்” என்றார். “எவ்வளவுன்னு நான் கேக்கலை. நீங்க பாத்துப் போடுங்க. ஆனா போடாம விட்டுடாதீங்க. வாபஸ் வாங்கினா இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஆயிடும். அடுத்த கார்த்திகைக்கு மாமா திரும்ப அதைக் கழட்டுவாரு. இவரு கழட்டலைன்னாலும் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கழட்டுவாரு. தப்புன்னு ஒரு இடத்துல எழுதியிருக்கணும்.”

“அம்மா, கொஞ்சம் பெரிய மனசு பண்ணி...” என்று ஆரம்பித்தார் வக்கீல்.

“என் மனசு பெருசுதான் சார். தண்ணிதான் இல்லை.”

தட்டச்சாளர் இந்த முறை சிரித்தேவிட்டார். வீட்டுக்காரர் தம்பி மகனின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “எழுதட்டும்டா. பண்ணினது பண்ணினதுதானே” என்றார். அவர் அதைத் தாழ்மையாகவும் சொல்லவில்லை, வீம்பாகவும் சொல்லவில்லை. கூட்டல் கணக்கு ஒன்றை ஒத்துக்கொள்வது மாதிரி சொன்னார்.

இடைக்கால உத்தரவு அங்கேயே தட்டச்சானது. அன்றே வருவாய் ஆய்வாளர் முன்னிலையில் தண்ணீர் திறக்கப்பட வேண்டும். இழப்பீடு, அபராதம் பற்றி விசாரித்து உத்தரவு தனியாக வரும். அதிகாரி ஆய்வாளரை வரவழைத்துக் கைப்பிடியை அவரிடம் கொடுத்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோப்புக்குமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே அனைவரும் சந்தில் கூடிவிட்டோம். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள். மொட்டைமாடிக்கு ஏறும் இரும்புப் படி செங்குத்தானது. வக்கீல் கைப்பிடியை வாங்கிக்கொண்டு ஏறப் போனார். வீட்டுக்காரர் தடுத்து, “நான் மூடினேன், நான்தான் திறக்கணும்” என்று ஏறினார். முழங்கால் வலிக்காரர். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார். ஆய்வாளர் பின்னால் ஒரு கையை நீட்டியபடியே ஏறினார், விழுந்தால் பிடிக்க.

வால்வு திறந்ததும் குழாயில் முதலில் காற்று செருமியது. சுவருக்குள் ஏதோ உருளும் சத்தம். கீழே குளியலறைக் குழாய் செம்மண் நிறத்தில் துப்பியது, நின்றது, திரும்பத் துப்பியது. பிறகு தெளிந்து, கயிறு மாதிரி விழ ஆரம்பித்தது. என் மனைவி வாளியை நேராக்கி வைத்தாள். அந்த அம்மா கணவரை வாக்கரோடு உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் கூடத்தில் நின்றோம். ஆய்வாளர் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் கிளம்ப முடியவில்லை. வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து சந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வாளி நிரம்பும் சத்தம், மொண்டு ஊற்றும் சத்தம். திரும்ப நிரம்பும், திரும்ப ஊற்றும். அந்த அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே ஊற்றினார். கணவர் ஒரு தடவை குழந்தை மாதிரி ஓவென்று குரல் விட்டார், குளிராலா சந்தோஷத்தாலா தெரியாது. வெகு நேரம் ஆனது.  ஆய்வாளர் பேனாவைத் திறந்து கையில் வைத்தபடியே நின்றார். நான் எத்தனையோ தடவை எழுதிய ‘நடவடிக்கை’ என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அது ஒரு வயதானவரை இரும்புப் படி ஏற்றி இறக்கியிருந்தது, ஒரு மனிதனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கக் காகிதம் ஒன்றின்மேல் எனக்கு அவ்வளவு பிரமிப்பு ஏற்பட்டது அன்றுதான்.

சாப்பிடும்போது, மறுக்காமல் கைப்பிடியை எடுத்து வைத்தாரே அந்த மனுஷர் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். என் மனைவி மோர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

“அவர் பொய் சொல்லலைன்னு வாயைப் பொளந்துக்கிட்டு வந்திருக்கீங்க. குடம் தூக்கித் தூக்கி எனக்குத்தான் தோள் விட்டுப் போச்சு” என்றாள்.

கீழ்வீட்டு அம்மாவும் அதற்கு மசியவில்லை. “அவரு நல்லவராவே இருந்துட்டுப் போகட்டும் சார். நான் குணத்துக்கா மனு குடுத்தேன்? வால்வுக்குத்தானே குடுத்தேன்?” என்றார்.

மார்கழி பிறந்தது. ஆந்திரக் கோஷ்டி வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் அவர்களைத் தன் வீட்டுக் கூடத்திலும் முன்னறையிலும் தங்க வைத்தார். அவரும் அவர் மனைவியும் பின்கட்டில் சாமான்களுக்கு நடுவே படுத்துக்கொண்டார்கள். ஏகாதசி உற்சவத்தின் பகல்பத்து, ராப்பத்து நாட்கள் முடியும்வரை அப்படித்தான். நான் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, கொல்லைக் குழாயில் ஒரு தெலுங்குப் பாட்டிக்கு அவர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். அடுத்த வாளியைக் குழாயடியில் வைத்தார்.

இறுதி உத்தரவு வந்தபோது இழப்பீடும் இருந்தது, அபராதமும் இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்று பெரியவர் கட்டிவிட்டார். தொகை அவரைப் பாதித்ததாகத் தெரியவில்லை. பாதித்தது காபிக் கடைப் பேச்சுதான்.

“அவரையே கோர்ட்டுக்கு இழுத்துட்டாளாமே, ஓய்!”

“கோர்ட் இல்லை ஓய், ஆபீஸ்.”

“எதுவா இருந்தா என்ன, அவர் வேற ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வந்திருக்கார்.”

“மோட்டார் ரிப்பேர்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்.”

தெருவில் இதனால் நல்லது மட்டும்தான் நடந்தது என்று சொல்ல முடியாது. குடியிருக்கும் இரண்டு மூன்று பேர் வந்து எப்படிப் பதிவு செய்வது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். அதே சமயம், பதிவு கேட்கிறவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் அதிகமானதாகவும் கேள்விப்பட்டேன். தரகர் ஒருவர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார். தண்ணீரை நிறுத்திக் காலி செய்ய வைப்பது மட்டும் நான் அறிந்தவரை அந்தச் சந்தில் மறுபடி நடக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் ஒரு மாற்றம் வந்தது. சட்டத்தை முழுதாகத் தருவித்துப் படித்திருக்கிறார். தண்டனை பெற்றவர் சட்டத்தைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் பாராயணம் செய்தார். உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தை மாதம் கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்தபோது, அடுத்த வீட்டில் இருக்கும் அவரிடமிருந்து அந்த அம்மாவுக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு வந்தது. தபால்காரர் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன மாமா, சுவர் மேல எட்டிச் சொன்னா வந்து பாருங்கன்னு சொல்ல மாட்டேனா?” என்று அந்த அம்மா மதில் பக்கம் நின்று கேட்டார்.

“அதெல்லாம் முறைப்படிதான் வரணும். அபராதம் கட்டினவன் நான்” என்று பதில் வந்தது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஆடி முடியும் சமயம் இன்னொரு பதிவுத் தபால் வந்தது. ஒப்பந்தம் முடியப் போவதால், புதுப்பிப்பது குறித்து நேரில் பேச வருவதாகவும், இன்ன நாள் காலை பத்து மணிக்கு வருவதாகவும் எழுதியிருந்தார். புதுப்பிக்கவா, மறுக்கவா என்று அதில் இல்லை. மறுத்தால் இந்த முறை சட்டம் அவர் பக்கம். அந்த அம்மாவுக்கு அது தெரியும். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

நான் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தபோது வீட்டுக்காரர் சந்து வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கையில் முத்திரைத்தாள் இருந்தது. புது ஒப்பந்தம். அச்சடித்து, தன் கையெழுத்தையும் போட்டே கொண்டுவந்திருந்தார். முனை ஒன்றில் மஞ்சள் தடவியிருந்தது. கதவைத் தட்டவில்லை.

“உள்ளே போகலையா?” என்றேன்.

“பத்து ஆகலையே” என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

உள்ளேயிருந்து எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். “இருங்க, நான் வரேன், நீங்க உக்காருங்க” என்று அந்த அம்மாவின் குரல். அதைப் பொருட்படுத்தாமல் வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கிளம்பியது. ஊன்றும், ஒரு கால் இழுபடும், ஊன்றும். கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி, ஒரே மட்டத் தரையில் அது எங்களை நோக்கி வந்தது. எங்கேயும் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தாழ்ப்பாள் இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை திறந்தது. வெல்டர் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வேர்த்த முகத்தோடு நின்றார். வாய் சொல்லைத் தேடியது.

“வாங்க” என்றார்.